எத்திராஜ் சொன்ன நீலப்பூச்சி

இப்போதெல்லாம் யாரும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, கரையில் எது கிடந்தாலும் போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்துவிடுகிறார்கள் என்று எத்திராஜுக்கு எரிச்சல். புயல் ஓய்ந்த காலையில் திருவொற்றியூர் கரையில் அரை விரல் நீள நீலப்பூச்சிகள் ஒதுங்கியிருந்தன. அவரோடு வலை இழுக்கும் கஜபதி, வெறுங்கையால் ஒன்றை எடுக்கக் குனிந்தார்.

"தொடாத, சுர்ருனு கொட்டும். சொறிய தின்னுட்டு அதோட வெஷத்த உள்ள வெச்சிகினு கீது," என்றார் எத்திராஜ். ஜெல்லிமீன் போல நீலக் குமிழியாய் மிதந்து கொட்டும் சொறியை இந்தப் பூச்சி கொறிப்பதை அவர் படகிலிருந்து எத்தனையோ முறை பார்த்திருக்கிறார்.

"இருவது வர்சமா இதே கத. வெஷத்த தின்னா அது சாவாதா நைனா?" கஜபதி சிரித்தார்.

கையுறையோடு பூச்சிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த கல்லூரிப் பெண் மகிமா நிமிர்ந்தாள். "ஐயா சொல்றதுதான் சரி. இது ஓடில்லாத கடல் நத்தை. சொறியோட கொட்டுற செல்களைச் செரிக்காம, சிறகு மாதிரி இருக்கே, இந்த நுனியில சேத்து வச்சுக்கும். மல்லாந்துதான் மிதக்கும்."

"வவுத்துல காத்த முழுங்கிகினு," என்று எத்திராஜ் முடித்துவைத்தார். கஜபதி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். எத்திராஜுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. காசிமேட்டு மீன்துறைமுகமே திரண்டு வந்து இதைக் கேட்டிருக்க வேண்டும்.

"இன்னொண்ணு ஐயா, இதுல ஆண், பெண்ணுன்னு தனித்தனியா கிடையாது. ஒவ்வொண்ணும் ரெண்டும்தான். ஜோடி சேர்ந்தா ரெண்டுமே முட்டை போடும்."

எத்திராஜ் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"மொதல்ல சொன்னியேம்மா, அது கரீட்டு. இத வேற யார்கிட்டனா போய் சொல்லு."

தலையை ஆட்டியபடி வலையை நோக்கி நடந்தார்.