களர்த்திடலும் ஒரு துண்டு ஈரலும்

இராஜாங்கத்துக்கு மேடை என்றால் உயிர். வலங்கைமான் சுற்றுவட்டாரத்தில் கட்சிக் கூட்டம் எங்கே நடந்தாலும், பெண்களுக்குச் சொத்தில் சம பங்கு தந்தது எங்கள் ஆட்சி என்று முழங்கிவிட்டுத்தான் இறங்குவார். அந்தச் சட்டத்தை வைத்துத் தங்கை வேம்பு பங்கு கேட்டு வழக்குப் போட்டபோது மட்டும், அது தன் குடும்பத்துக்குப் பொருந்தாது என்று வக்கீலை வைத்துப் பதில் போட்டார். இரண்டையும் ஒரே தொண்டையால் சொல்ல அவருக்கு வருத்தமே இல்லை.

வழக்கு வாய்தா வாங்கிக்கொண்டே போனது. வேம்பு வேதாரண்யத்தில், உப்பளத்தில் எடை போடும் துரைராசுவோடு குடித்தனம் நடத்தினாள். பிறந்த வீட்டிலிருந்து பொங்கலுக்கு ஒரு கரும்புகூட வந்ததில்லை. திடீரென்று ஒரு நாள் போன் வந்தது.

"வேம்பு, நல்லா இருக்கியா?"

"யாரு பேசறது?"

"அண்ணன்தாம்மா."

"வாய்தா அடுத்த மாசம்தானே அண்ணே. அதுக்குள்ள என்ன?"

இராஜாங்கம் மறுமுனையில் அழுதார். மேடையில் அழுகிற அழுகை இல்லை. அது வேம்புக்குத் தெரிந்தது. அவருடைய ஒரே மகள் பூங்கோதைக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது.

வேம்பு போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பூங்கோதை நாகப்பட்டினத்தில் படித்தபோது, அப்பனுக்குத் தெரியாமல் பஸ் ஏறி இங்கே வந்துவிடுவாள். 'அத்தை, பசிக்குது' என்றபடி செருப்பைக் கழற்றுகிற பெண். மீன் குழம்பில் தலைத்துண்டு அவளுக்குத்தான்.

மறுநாளே புருஷனும் பெண்டாட்டியுமாகச் சென்னை ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் ஓர் இளம் பெண். ஒளித்து மறைத்துப் பேசத் தெரியாதவள்.

"கோளாறு கிட்னில இல்லைங்க. ஈரல்ல. அது ஒரு உப்ப அளவுக்கு மேல சுரக்குது. அது கிட்னில போய்க் கல்லாப் படியுது. புது கிட்னிய மட்டும் வச்சா, இந்த ஈரல் அதையும் கல்லாக்கிரும். முதல்ல ஈரல் மாத்தணும், அப்புறம் கிட்னி."

"மேல மடையில உப்புத் தண்ணிய விட்டுட்டு, கீழ எத்தன தடவ நாத்து நட்டாலும் கருகத்தான் செய்யும்" என்றான் துரைராசு.

"அதேதாங்க." டாக்டர் இராஜாங்கத்தின் பக்கம் திரும்பினாள். "நீங்களும் உங்க மனைவியும் சொந்தமா?"

இராஜாங்கம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "அக்கா மக மேடம். எங்கப்பா, தாத்தா எல்லாருமே அப்படித்தான். நில உச்சவரம்புச் சட்டம் வந்து ஊரே சிதறுனப்பவும் எங்க குடும்பத்துல ஒரு மா நெலம் வெளிய போனதில்ல."

"நெலமும் வெளிய போகல, இந்த நோயும் வெளிய போகல" என்றாள் டாக்டர், எழுதிக்கொண்டே. "ஒரு பக்கத்துலேருந்து வந்தா ஒண்ணும் பண்ணாது. அப்பா, அம்மா ரெண்டு பக்கமும் ரத்தத்துல ஒளிஞ்சிருந்தாத்தான் பிள்ளைக்கு வரும். நீங்க ரெண்டு பக்கத்தையும் ஒரே பக்கமா ஆக்கிட்டீங்க."

கிட்னி தருவதற்குத் தாய் அம்சம் தயாராக இருந்தாள். ஈரலில் ஒரு துண்டு வெட்டித் தந்தால் போதும்; அதற்குத்தான் ஆள் இல்லை. இராஜாங்கத்தின் ஈரலில், மாநாடு மாநாடாகக் குடித்ததில், கொழுப்பு ஏறிக் கிடந்தது. மாமன் மச்சான் எல்லோரையும் சோதித்ததில் ஒருவருக்கு ரத்த வகை சேரவில்லை, ஒருவருக்குச் சர்க்கரை, மற்றவர்களுக்கு அறுவடை. எல்லாம் பொருந்தி வந்தது வேம்புக்கு மட்டும்தான்.

"பங்கு கேட்டதுக்கு உன்ன இத்தன வருசம் கோர்ட்டு வாசல்ல நிக்க வச்சான்" என்றான் துரைராசு. "இப்ப அவனே பங்கு கேட்டு வர்றான். அதுவும் உன் வயித்துல."

"கேக்கறது அவரு இல்லீங்க. அந்தப் புள்ள."

துரைராசு, கையெழுத்துப் போட எங்கே வரவேண்டும் என்று மட்டும் கேட்டான்.

கூடப்பிறந்தவர், பெற்றவர் என்றால் சுலபம். அத்தை தருவதென்றால் அனுமதிக் குழு முன்னால் போய், பாசத்தில்தான் தருகிறேன், விலைக்கு இல்லை என்று காட்டவேண்டும். குழுவின் தலைவி வயதான அம்மாள். கண்ணாடியை மூக்கின் நுனியில் வைத்துக்கொண்டு வேம்புவைப் பார்த்தார்.

"பேஷண்ட்டுக்கு நீங்க என்ன வேணும்?"

"அத்தைங்க. அவ அப்பா எனக்கு அண்ணன். அவ அம்மா எனக்கு அக்கா மக, என்ன சித்தின்னு கூப்பிடும். அண்ணன் பொண்டாட்டிங்கிறதால அண்ணியும்தான்."

"ஒரு உறவச் சொன்னாப் போதும்மா." தலைவி இராஜாங்கத்திடம் திரும்பினார். "இவங்களுக்கு இதுக்காக ஏதாவது குடுத்தீங்களா?"

காசு, நகை, நிலம் எதைப் பற்றியும் வாயே திறக்கக்கூடாது என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். ஆனால் எதிரே ஐந்து பேர் உட்கார்ந்து தன்னையே பார்ப்பதைக் கண்டதும் இராஜாங்கத்துக்குக் கூட்டம் ஞாபகம் வந்துவிட்டது.

"சும்மா வாங்கிக்கிற வம்சம் இல்ல மேடம் நாங்க" என்று எழுந்து நின்றார். "தங்கச்சிக்குச் சீர் செய்யாம ஒரு துரும்பு வாங்கமாட்டோம். போன வாரம்தான் அவ பேருக்கு ஆறு மா நெலம் ரிஜிஸ்டர் பண்ணிருக்கேன். ஊருக்கே தெரியும்."

ஊருக்குத் தெரிந்தது வேம்புக்குத் தெரியாது. அவள் திரும்பி அண்ணனைப் பார்த்தாள். அம்சம் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

தலைவி பேனாவை மூடினார். "ஈரலுக்கு ஆறு மா. இது வியாபாரம். அனுமதி கிடையாது."

"சீருங்க மேடம், சீரு. எங்க ஊர்ல..."

"எந்த நெலம் அண்ணே?" என்று வேம்பு குறுக்கே கேட்டாள்.

"அது... நல்ல நெலந்தான்."

"ஆத்தங்கரை நஞ்சையா?"

இராஜாங்கம் மேல்துண்டைச் சரிசெய்தார்.

"களர்த்திடலா?"

வேம்பு தலைவியிடம் சொன்னாள்: "அம்மா, அது வாய்க்காலோட கடைசி. காவிரில வெள்ளமே வந்தாலும் அங்க தண்ணி எட்டிப் பாக்காது. மண்ணு வெளுத்துப் போய்க் கெடக்கும். வெலைக்கு விக்கிறதுன்னா, அதுக்குப் போயா விப்பேன்?"

"இவங்க சொல்றது உண்மையா?" தலைவி இராஜாங்கத்தைக் கேட்டார்.

"பொன்னு வெளையிற பூமி மேடம்."

"அப்ப அனுமதி இல்ல."

"மாமா" என்றாள் அம்சம். மெதுவாகத்தான் சொன்னாள். "உங்க பொண்ணு சாகட்டும்னா அப்படியே சொல்லுங்க."

இராஜாங்கம் நாற்காலியைப் பிடித்தபடி உட்கார்ந்தார். எந்த மேடையிலும் அவருக்கு இவ்வளவு நேரம் பேச்சு வராமல் போனதில்லை.

"கோரைகூட மொளைக்காது மேடம்."

"பிறகு எதுக்கு எழுதி வச்சீங்க?"

"வழக்க வாபஸ் வாங்குவான்னு நெனச்சேன். அதோட, தங்கச்சிக்கு நெலம் குடுத்தேன்னு ஊர்ல பேர் வருமில்லங்களா."

"அதாவது தங்கச்சிய ஏமாத்திருக்கீங்க."

"ஆமாங்க."

"அத எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அந்தப் பத்திரத்தையும் ரத்து பண்ணிருங்க." தலைவியின் உதடு லேசாகத் துடித்தது, சிரிப்பை அடக்கினாரோ என்னவோ. பிறகு வேம்புவிடம், "அண்ணன் மேல வழக்கு வேற நடக்குதா? அப்புறம் ஏம்மா குடுக்கறீங்க?"

"வழக்கு அவரு மேலங்க. ஈரல் அந்தப் புள்ளைக்கு. ரெண்டும் வேற வேற வாய்க்கா."

"வழக்க விட்டுருவீங்களா?"

"எதுக்குங்க விடணும்? விட்டா, அப்புறம் இதுக்காக விட்டேன்னு நீங்களே சொல்லுவீங்க."

குழுவில் ஒருவர் இருமினார். தலைவி பேனாவைத் திறந்தார்.

வெளியே வராந்தாவில் இராஜாங்கம் தங்கையின் பின்னாலேயே வந்தார். மகளுக்கு ஆபரேஷன் நடக்கும் என்ற நிம்மதி முகத்தில் தெரிந்தது. அதற்குள்ளேயே இன்னொரு கவலையும் வந்து உட்கார்ந்திருந்தது.

"வேம்பு, உள்ள எழுதிக் குடுத்தேனே. அது கோர்ட்டுக்குப் போவுமா?"

"தெரியலண்ணே. வக்கீலக் கேளுங்க. உங்க வக்கீல இல்ல, என் வக்கீல."

டயாலிசிஸ் வார்டில் பூங்கோதை ஊதிய முகத்தோடு படுத்திருந்தாள். வேம்பு கட்டிலோரம் உட்கார்ந்து, வீங்கிய அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்ன அத்தை சொன்னாங்க?"

"குடுக்கலாம்னு சொல்லிட்டாங்க. உங்கப்பன் இன்னிக்கு உண்மை பேசுனாருடி."

"எங்கப்பாவா?"

"ஆமா. ரொம்பக் கஷ்டப்பட்டுட்டாரு. முதல்ல டாக்டர அவரப் போய்ப் பாக்கச் சொல்லணும், எனக்கு ஆபரேஷன் அப்புறம்."