லோசாவின் கோப்பு

தலைநகர் அப்பியாவிலிருந்து முதல் படகில் தீவுக்கு வந்திறங்கிய கம்ப்யூட்டர் ரிப்பேர்காரி மாசினா, பள்ளியின் சர்வரைத் திறந்ததும் காதை வைத்துக் கேட்டாள். ஹார்ட் டிஸ்க் டக்கு டக்கென்று அடித்துக்கொண்டது.

"எத்தனை தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்க?"

"ஒரு ஏழு தடவை," என்றார் தலைமையாசிரியர் ஃபலனிக்கோ. "ஆனா பேக்கப் இருக்கும்மா."

"எதுல?"

"இதே டிஸ்க்லதான். வேற ஃபோல்டர்ல."

மாற்றுச் சாவியையும் வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிய மகராசன்! முப்பத்தேழு பிள்ளைகளின் ஒரு வருஷ ஆய்வுக் கட்டுரைகள் அதற்குள். நாளை மதியம் தேர்வுத் துறைக்குப் போயாக வேண்டும். வைரஸ் வந்துவிடும் என்று பயந்து, யாரும் வீட்டுக்கு நகல் கொண்டுபோகக் கூடாதென்று உத்தரவு போட்டவரும் இவரேதான்.

"ரிப்பேர் பண்ணிடுவியா?"

"ரிப்பேர்னு கை வெச்சா இருக்கிற உயிரும் போயிடும் சார். முதல்ல நகல். ஒழுங்கா படிக்கிற இடத்தை அள்ளிக்கிட்டு, முரண்டு பிடிக்கிற இடத்துக்குக் கடைசில வருவேன். எடுத்துடுவேன், நீங்க போய் உக்காருங்க."

சாயங்காலத்துக்குள் முப்பத்தாறு வந்துவிட்டது. லோசா என்ற மாணவியினுடையது மட்டும் வரவில்லை.

ஃபலனிக்கோ அவளைக் கூப்பிட்டார். "திருட்டுத்தனமா வீட்ல ஒரு நகல் வெச்சிருக்கியா? திட்ட மாட்டேன், சொல்லு."

"மத்தவங்க எல்லாரும் வெச்சிருக்காங்க சார். நான் மட்டும்தான் உங்க பேச்சைக் கேட்டேன்."

அவருக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

அந்நேரம் பார்த்து மாலை ஜெபத்துக்குச் சங்கு ஊதியது. ஊரே வேலையைப் போட்டுவிட்டு உட்காரும் நேரம்.

"ஜன்னலைச் சாத்திட்டு நீ பாட்டுக்குப் பண்ணும்மா," என்று கிசுகிசுத்தார், ஊர்க் கட்டுப்பாட்டுக்கு உயிரை விடும் மனுஷர்!

மாசினா மின்சாரத்தைப் பிடுங்கினாள். "காலையிலேர்ந்து கொதிச்சுக் கெடக்கு. அதுவும் கொஞ்சம் ஜெபம் பண்ணட்டும்."

ஜெபப் பாட்டு முடிந்தது, எழுந்திருக்கலாம் என்று இரண்டாவது சங்கும் ஊதியது. டிஸ்க்கைத் தொட்டால் குளிர்ந்திருந்தது. மாசினா மறுபடி மின்சாரம் கொடுத்து, இம்முறை கடைசியிலிருந்து முன்னோக்கிப் படிக்க விட்டாள். ஒவ்வொரு துண்டாக, லோசாவின் கோப்பு முழுசாக வந்து சேர்ந்தது. உடனே டிஸ்க் கிறீச்சென்று கத்தி நின்றே போனது.

"போய்த் தொலையட்டும்," என்று சிரித்தாள் மாசினா.

ஃபலனிக்கோ தன் மேசையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து, கோப்பை அதில் போடச் சொல்லி வாங்கினார். அதை லோசாவின் உள்ளங்கையில் வைத்தார்.

"தப்பு என்னோடதும்மா. வீட்டுக்குக் கொண்டு போ. இது என் உத்தரவு."

லோசா கையை இறுக மூடிக்கொண்டாள்.

"இந்தத் தடவையும் உங்க பேச்சைக் கேக்கணுமா சார்?"