அறுபது நாள் சீட்டு

டாக்டர் ஹரிராம் கையைச் சோப்புப் போட்டு மூன்று முறை கழுவினார். திரைக்குப் பின்னால் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்த தவசிக்கு அந்தத் தண்ணீர்ச் சத்தம் நின்றால் போதும் என்றிருந்தது. நாற்பத்திரண்டு வயதில் இன்னொரு ஆண்பிள்ளை விரல் விட்டுப் பார்க்கும்படி முழங்காலை மடக்கிப் படுத்துக் கிடந்துவிட்டு, வெளியே போய்ப் பெண்டாட்டி முகத்தில் எப்படி விழிப்பது? ஆறு மாதமாக ரத்தம் போகிறது. மூலம் என்று நினைத்துக் கருணைக்கிழங்கும் துத்தியிலையுமாகத் தின்று தீர்த்ததுதான் மிச்சம். போன தடவை வந்தபோது டாக்டர் உள்ளேயிருந்து துளி சதையைக் கிள்ளிப் பட்டணத்துக்கு அனுப்பியிருந்தார். அதற்குப் பதில் வந்திருந்தது.

"மூலம் இல்லை. மலக்குடல்ல கட்டி. புத்துநோய்" என்றார் டாக்டர். "சின்னதாத்தான் இருக்கு. இப்பவே வந்தது நல்லதாப் போச்சு. அறுத்து எடுத்துடலாம்."

அறுப்பதோடு முடியவில்லை. கீழ்வழியைத் தைத்து மூடிவிடுவார்களாம். வயிற்றின் இடப்பக்கம் ஒரு வாய் வைப்பார்களாம். உயிர் உள்ளவரை எல்லாம் அந்த வழியாகத்தான். துணி வைத்துக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். யார் அறுத்தாலும் அப்படித்தான் என்றார். தவசி தன் வயிற்றைத் துண்டால் மூடிக்கொண்டான்.

பெண்டாட்டி ஒச்சாயிதான் வாயைத் திறந்தாள். "நீங்களே அறுப்பீகளா சாமி?"

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் மூணு பேருக்குப் பண்ணியிருக்கேன். ஒருத்தர்தான் வீட்டுக்கு நடந்து போனார். பட்டணத்துல ஒரு சர்ஜன் இருக்கார், வருஷம் பூரா இதே வேலை அவருக்கு. பத்துக்கு ஏழு பேர் பிழைக்கிறாங்க. என்னைக் கேட்டா அங்கே போங்கம்மா. ஆனா இந்த மாசத்துக்குள்ள போகணும். அங்க ரெண்டு மாசம் தங்கணும்."

ரெண்டு மாசம் என்றதும் புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தவசி சர்க்கார் பதிவில் ரேகை வைத்த ஆள். வெள்ளைக்காரன் போட்ட சட்டத்தில், மதுரைக்கு மேற்கே அவன் சாதியில் பிறந்த ஆண்பிள்ளை களவுக்குப் போனானோ இல்லையோ, பத்து விரலிலும் மை தடவிப் புத்தகத்தில் ஏற்றியிருந்தார்கள். பொழுது சாய்ந்தால் ஊர்ச் சாவடியில் போய்ப் படுக்க வேண்டும். போலீஸ்காரர் பேர் சொல்லிக் கூப்பிட்டால் குரல் கொடுக்க வேண்டும். ஊர் எல்லையைத் தாண்ட மணியக்காரரிடம் ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். இன்றைக்கு மதுரைக்கு வந்ததே ஒரு பகல் சீட்டில்தான், அதுவும் மாடு பிடிக்கப் போகிறேன் என்று சொல்லி வாங்கியது. விளக்கு வைப்பதற்குள் திரும்பாவிட்டால் ஜெயில்.

பஸ்ஸில் வரும்போது அவனுக்குச் சாவு பயம் அவ்வளவாக வரவில்லை. சாவடிதான் கண்ணுக்குள் நின்றது. முப்பது பேர் தோளோடு தோள் உரசிப் படுத்துக் கிடக்கிற இடம். அதற்கு நடுவே வயிற்றில் ஒரு வாயை வைத்துக்கொண்டு இவன் போய்ப் படுக்க வேண்டும். நாற்றம் வந்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கொஞ்சம் தள்ளிப் படுப்பார்கள்.

மணியக்காரர் விருமாண்டி சீட்டுப் புத்தகத்தைப் புரட்டியபடியே கேட்டார். "அறுவது நாளா? என் கையெழுத்துல நாலஞ்சு நாளைக்குத்தான்டா குடுக்க முடியும். அதுக்கு மேலன்னா மேல எழுதிப் போடணும். வர்றதுக்கு ஒரு மாசமும் ஆகும், மூணு மாசமும் ஆகும். அப்படி என்ன சீக்கு?"

"வயித்து வலி" என்றான் தவசி.

"வயித்து வலிக்குப் பட்டணமா?"

அவன் தலையைக் குனிந்துகொள்ள, ஒச்சாயி ஒன்று விடாமல் சொன்னாள். எந்த இடத்தில் கட்டி, எதை மூடுவார்கள், எங்கே திறப்பார்கள் என்று அம்புட்டையும் சொன்னாள். மணியக்காரர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இன்றைக்கே எழுதிப் போடுகிறேன், பதில் வரும் நாள் மட்டும் என் கையில் இல்லை என்றார்.

வீட்டுக்கு நடக்கையில் ஒச்சாயி அழுதாள். தவசி அவளைத் தேற்றினான். தேற்றிக்கொண்டே வந்தவனுக்கு நெஞ்சில் ஒரு லேசு தெரிந்தது. அது என்னவென்று புரிந்தபோது வெட்கமாக இருந்தது. சீட்டுக் கிடைக்காது. கிடைக்காவிட்டால் கத்தி இல்லை, வயிற்றில் வாய் இல்லை. நான் மாட்டேன் என்று சொல்லவில்லை, சர்க்கார்தான் விடவில்லை. கோழை என்று ஒருவனும் சொல்ல முடியாது. அன்றைக்குத்தான் வெகு நாள் கழித்து இரண்டு அகப்பை கேப்பைக்களி கூடத் தின்றான்.

மறுநாள் காலையில் ஒச்சாயியின் அண்ணன் நல்லகாமன், தவசி கமலை இறைத்துக்கொண்டிருந்த கிணற்றடிக்கு வந்து, வடத்தைப் பிடித்தபடி பேச்சை எடுத்தான்.

"மாப்ள, ராத்திரி நாலு வாட்டி எந்திரிச்சுப் போறியே, யாருக்கும் தெரியாதுன்னா நெனச்ச? நீ வெளிய இருக்கையில போலீஸ்காரர் ரெண்டாந்தரம் பேர் கூப்பிடுறாரு. ஆறு மாசமா ஒனக்கு நாங்கதான் கொரல் குடுக்குறோம்."

தவசி மாட்டை நிறுத்திவிட்டான்.

"முப்பது பேரும் பேசியாச்சு. சீட்டுக்காகக் காத்திருந்து சாகாத. இல்லாமலே போ. இருட்டுல அந்தாளு மூஞ்சியவா பாக்குறாரு? பகல்ல கேட்டா காய்ச்சல்னு சொல்லிக்கிருவோம். பட்டணத்துல பேரை மட்டும் மாத்திச் சொல்லு. எங்க சித்தப்பன் சோணை பேரு சும்மாதான் கெடக்கு, அவரு செத்து எட்டு வருசமாச்சு."

"அகப்பட்டா?"

"உள்ள போவோம். சும்மா இருந்தா மட்டும் போகாமயா இருக்கோம்?"

நல்லகாமன் சிரித்தான். தவசிக்குச் சிரிப்பு வரவில்லை. நன்றிகூட வரவில்லை, உண்மையைச் சொன்னால் கோபம்தான் வந்தது. ஒளிந்துகொள்ள ஒரே ஒரு இடம் இருந்தது. அதையும் இந்த மச்சான் பிடுங்கிக்கொண்டான். இனி மாட்டேன் என்று சொல்வதானால் தன் வாயால்தான் சொல்ல வேண்டும். அங்கே போய்ச் செத்துப் போனால்? சோணை இரண்டாந்தரம் செத்ததாகப் பட்டணத்தில் எழுதிக்கொள்வார்கள். இங்கே சாவடியில் தவசிக்குத் தினம் யாராவது குரல் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். ஒச்சாயி ஊருக்குள் வந்து வாய்விட்டு அழக்கூட முடியாது.

நாலாம் நாள் இன்னொரு பகல் சீட்டில் இருவரும் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். சர்ஜனுக்குக் கடுதாசி எழுத அவர் பேனாவைத் திறந்தார்.

"சோணைன்னு எழுதுங்க சாமி" என்றாள் ஒச்சாயி.

டாக்டர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு தவசியைப் பார்த்தார். எழுந்து போய் வராந்தாப் பக்கத்துக் கதவைச் சாத்திவிட்டு வந்து, அப்படியே எழுதினார். எழுதி முடித்ததும் அச்சடித்த தாள் ஒன்றையும் மைப் பெட்டியையும் தவசி பக்கம் நகர்த்தினார்.

"அறுக்கிறதுக்குச் சம்மதம்னு ரேகை வைக்கணும். இது போனாத்தான் அங்க படுக்கை பிடிச்சு வைப்பாங்க. புதன்கிழமை சேரணும்."

தவசி மைப் பெட்டியையே பார்த்தான். பேரை மாற்றலாம். விரலை எங்கே போய் மாற்றுவது? சோணை என்ற பேருக்குக் கீழே தவசியின் பெருவிரல் இருந்தால் முப்பது பேரையும் அதுவே காட்டிக்கொடுத்துவிடும். அது நிசமான பயம்தான். ஆனால் அந்தப் பயத்துக்குள்ளே பழைய லேசும் எட்டிப் பார்த்தது. இதோ இன்னொரு காரணம், யாரும் குறை சொல்ல முடியாத காரணம். கை தானாகத் துண்டுக்குள் போயிற்று.

"ரேகை வைக்க முடியாதுங்கய்யா. வச்சா அம்புட்டுப் பேரும் மாட்டிக்கிருவாக. விட்டுருங்க, வந்தபடி ஆகட்டும்."

ஒச்சாயி புருஷனின் முகத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அவள் கண்டுகொண்டாள் என்று தவசிக்குத் தெரிந்தது. இருபது வருஷம் கூட இருந்தவளிடம் வேறெதை மறைத்தாலும் பயத்தை மறைக்க முடியுமா?

"பொம்பள வச்சாச் செல்லுமா சாமி?"

"சம்சாரம் வச்சாலும் செல்லும்."

"எந்தப் பொஸ்தகத்துலயும் என் வெரலு இல்ல" என்று சொல்லிக்கொண்டே அவள் கையை நீட்டினாள். வேண்டாம் என்று சொல்ல ஒரு மூச்சு நேரம் இருந்தது. தவசி வாயைத் திறக்கவில்லை. பழக்கம் இல்லாததால் விரலை மையில் ரொம்ப அழுத்திவிட்டாள். டாக்டர் அவள் விரலைப் பிடித்துத் தாளில் மெல்ல உருட்டி எடுத்தார். தாளை ஊதிக் காயவைத்தார்.

சேலையில் பட்டுவிடாமல் விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒச்சாயி வெளியே வந்தாள். படியில் நின்று அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது எப்பப் போகும்?" என்று கேட்டாள்.

"புளி போட்டுத் தேச்சா மூணு நாள்ல போயிரும்" என்றான் தவசி.

அவள் அந்த விரலை உள்ளே வைத்துக் கையை மூடிக்கொண்டாள்.