பதினெட்டாவது வரி

படைத் தலைமையகத்தின் பெரிய கூடத்தில் ஒரு தேக்குப் பலகை இருக்கிறது. நாடு விடுதலை பெற்ற நாள் முதல் தலைமைத் தளபதிகளாக இருந்த பதினேழு பேரின் பெயர்களும் அதில் பொன்னெழுத்தில் இருக்கும். முதல் இரண்டு பேர் வெளிநாட்டுக்காரர்கள். ஆட்சியை விட்டுப் போனவர்கள், பட்டாளத்தை மட்டும் உடனே விட மனசில்லாமல் வைத்துவிட்டுப் போன ஆட்கள். மூன்றாவது வரியில்தான் நம்மாள் வருகிறார். அந்த வரியைத் துடைக்கும்போதெல்லாம், பலகையில் பெயர் எழுதும் போர்டுக்காரருக்கு, தானே பதவியேற்றதுபோல நெஞ்சு நிமிர்ந்துவிடும்.

ஒன்பதாவது வரி வேறு மாதிரி. அங்கே பலகை லேசாகக் குழிந்திருக்கும். ஓய்வு பெறவேண்டிய நாளில் தளபதிக்குரிய கோலை அடுத்தவரிடம் கொடுக்காமல், டாங்கிகளை அனுப்பி அரசாங்கத்தையே பிடித்துக்கொண்டவர் அவர். ஆறு வருடம் ஆட்டிவைத்தார். அவர் போனதும் பெயரைச் சுரண்டி எடுத்தார்கள். பிறகு வந்த ஒரு தளபதி, "நடந்தது நடந்ததுதான், எழுதுங்க" என்று அதே பள்ளத்தில் திரும்ப எழுதவைத்தார்.

கடைசி நான்கு பெயர்கள் நம் போர்டுக்காரர் கைவண்ணம். ஊரில் கடைப்பலகையும் எழுதுகிறவர்தான். ஆனால் இந்தப் பலகைக்குக் கூப்பிட்டால் அன்றைக்குச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டுதான் வருவார்.

இந்த முறை வந்த உத்தரவில்தான் சிக்கல். புதியவரின் பெயர், முத்திரையிட்ட உறையில் காலை எட்டு மணிக்குத்தான் வருமாம். பதினொன்றுக்குப் பதவியேற்பு. புதியவர் கோலை வாங்கியதும் பலகையை மூடிய வெல்வெட் துணியை விலக்கித் தன் பெயரைத் தானே படிக்க வேண்டும், அதுதான் வழக்கம். பொன்வண்ணம் காயவோ ஒரு ராத்திரி வேண்டும்.

"யாருன்னுதான் ஊருக்கே தெரியுமே! மூப்புல மொதல்ல நிக்கிறவருக்குத்தானே எப்பவும் குடுப்பாங்க?" என்றாள் மனைவி. "முன்னாடியே எழுதி வச்சிட்டா என்ன குறைஞ்சுபோகுது?"

பதினேழு வரியிலும் அப்படித்தான் நடந்திருந்தது. முதலில் நிற்பவர் துணைத் தளபதி. ஆகவே போர்டுக்காரர் முந்தின நாள் சாயங்காலமே, சாவி வைத்திருக்கும் சார்ஜென்ட்டிடம் "கோடு போட்டுட்டு வரேன்" என்று பொய் சொல்லி உள்ளே போய், துணைத் தளபதியின் பெயரைப் பதினான்கு எழுத்தில், ஒவ்வொரு வளைவையும் ரசித்து எழுதி, துணியைப் போட்டு மூடிவிட்டார். பிள்ளை பிறக்கும் முன்னே பெயர் வைத்த கதைதான். ஆனால் எழுத்து என்னமோ அவர் ஆயுளிலேயே அழகாக வந்திருந்தது.

காலை எட்டு மணிக்குச் சார்ஜென்ட் உறையைக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார். நாட்டுக்கே தெரியாத ரகசியம் கையில்! போர்டுக்காரர் உறையைக் கிழித்தார்.

ஒன்பது எழுத்துப் பெயர். மூப்பில் இரண்டாவது ஆள்.

எழுதியது அப்படியே இருந்தால் வேலை போகும். அதுகூடப் பரவாயில்லை, மூன்று மணி நேரத்தில் ஒரு நாடே பார்க்க, தவறான தளபதியின் பெயர் மின்னும். துணியை இழுத்துத் தள்ளினார். வண்ணத்தை அழிக்கும் டர்பன்டைன் பாட்டிலைத் திறந்து, கந்தல் துணியைக் கையில் எடுத்தார்.

கதவு திறந்தது. சார்ஜென்ட் இல்லை. விழா ஏற்பாட்டைச் சரிபார்க்க வந்த துணைத் தளபதி.

பலகையில் அவர் பெயர். எதிரில் அவர். நடுவில் கந்தல் துணியோடு போர்டுக்காரர்.

"ஐயா... மன்னிச்சிடுங்கய்யா. நீங்கதான்னு நெனச்சு..."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றார் துணைத் தளபதி. "விடிகாலை அஞ்சு மணிக்குப் போன் வர்ற வரைக்கும்."

கிட்டே வந்து நின்று, தன் பெயரை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்தார். முப்பத்தெட்டு வருடச் சேவை அந்த ஒரு வரியில் இருந்தது.

"நல்லா எழுதியிருக்கீங்க" என்றார் துணைத் தளபதி. பிறகு ஒன்பதாவது வரியின் பள்ளத்தை விரலால் தடவினார். "இவருக்கும் இந்த மாதிரி ஒரு காலை வந்திருக்கும். ஒதுங்கிக்கங்கன்னு சொல்லியிருப்பாங்க. அந்தத் துணியைக் குடுங்க."

"ஐயா, நான் துடைக்கிறேன்யா..."

"குடுங்க."

வாங்கி, டர்பன்டைனில் நனைத்து, தன் பெயரைத் தானே துடைத்தார். மூடிவைத்ததில் அரைகுறையாகவே காய்ந்திருந்த பொன் இழுபட்டு இழுபட்டுப் போயிற்று. கடைசி எழுத்து அடம்பிடித்தது. அதைக் கட்டைவிரலால் தேய்த்தே எடுத்தார்.

"மணி எட்டரை. முடியுமா?"

"முடிச்சுருவேன்யா!" என்று கத்தியே விட்டார் போர்டுக்காரர்.

அதன்பிறகு அவர் மனிதனாக இல்லை, இயந்திரமாக இருந்தார். சீக்கிரம் காயும் மருந்தைச் சொட்டுச் சொட்டாகக் கலந்தார், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒன்பது எழுத்தையும் இறக்கினார். சார்ஜென்ட் தன் பெண்டாட்டியின் தலைமுடி உலர்த்தும் மிஷினை வீட்டிலிருந்து ஓடிப்போய்க் கொண்டுவந்தார். இரண்டு பேரும் மாறி மாறிப் பிடித்ததில் கை மரத்துப்போயிற்று. பத்து ஐம்பதுக்கு எழுத்து விரலில் ஒட்டவில்லை. துணியைப் போட்டுவிட்டு, போர்டுக்காரர் தூண் மறைவில் ஒண்டிக்கொண்டார்.

கூடம் நிறைந்தது. பழையவர் கோலைக் கொடுத்தார், புதியவர் வாங்கினார். வாத்தியம் முழங்கியது. புதிய தலைமைத் தளபதி துணியை விலக்கித் தன் பெயரைப் படித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். அவர் மட்டும் தட்டுகிறவர்கள் பக்கம் திரும்பவில்லை. தன் பெயருக்கு அப்பால், வெற்றிடமாக இருக்கவேண்டிய மரத்தில், ஐந்து எழுத்து நீளத்துக்கு மங்கலாக மினுங்கிய ஒரு தடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். தூணுக்குப் பின்னால் போர்டுக்காரருக்கு உயிரே போய்விட்டது.

இப்போது அதிகாரிகள் ஒவ்வொருவராக வந்து புதியவருக்கு வணக்கம் வைக்க வேண்டும். முதல் ஆள் துணைத் தளபதி. நேற்றுவரை எந்த இளையவரின் வணக்கத்தை வாங்கினாரோ அவருக்கே இன்று கையைத் தூக்க வேண்டும். நிமிர்ந்து நடந்து வந்து நின்றார். தொடையோடு ஒட்டியிருந்த அவர் வலதுகைக் கட்டைவிரல் பொன்னாக மின்னியது.

புதியவர் அந்த விரலைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். மறுபடி விரலைப் பார்த்தார்.

அந்தப் படையில் கீழே இருப்பவர்தான் முதலில் வணக்கம் வைக்க வேண்டும். பலகையில் இருக்கும் பதினேழு பேரில் ஒருவரும் அதை மாற்றியதில்லை. துணைத் தளபதியின் கை மேலே எழும்பும் முன்னே, பதினெட்டாவது தலைமைத் தளபதியின் கை விறைப்பாக நெற்றிக்குப் போய் நின்றது.

தூணுக்குப் பின்னால் இருந்த போர்டுக்காரரின் கையும் தன்னையறியாமல் நெற்றிக்குப் போயிருந்தது. கையில் தூரிகை இருந்ததை அவர் மறந்துவிட்டிருந்தார். நெற்றியில் பொன் அப்பிக்கொண்டதை வீட்டுக்குப் போய் மனைவி சொல்லித்தான் தெரிந்துகொண்டார்.