முதுகு ஊசியின் பெருமை

திருத்தங்கலில் காலண்டர் அச்சகம் வைத்திருக்கும் இராமகிருஷ்ணனுக்கு எதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் நிம்மதி. இரண்டு ப்ரூஃபை மேஜையில் விரித்து, இந்தச் சிவப்பு தேவலையா அந்தச் சிவப்பு தேவலையா என்று ஒப்பிட்டே பழகிய கண், கடைசியில் மனைவி பொன்னுத்தங்கத்தின் முழங்கால்களில் வந்து நின்றது.

"ஒரே ஆளு, ஒரே டாக்டரு, மயக்கம் மட்டுந்தான் வேற," என்பார், பார்க்க வந்தவர்களிடம். "போன வருசம் வலது மூட்டு மாத்துறப்ப முழு மயக்கம் குடுத்தாக. வாந்தி, தலைச்சுத்தல், எந்திரிக்கவே நாளாச்சு. இப்ப இடது மூட்டுக்கு முதுகுல ஊசி. சாயங்காலமே இட்லி சாப்பிட்டா, மறுநாளே நடந்துட்டா. நீங்களும் முதுகு ஊசியே கேளுங்க."

வந்தவர்கள் தலையாட்டினார்கள். கால்களுக்குச் சொந்தக்காரியை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் முழு மயக்கத்துக்குத்தான் ஓட்டுப் போட்டிருப்பாள். அந்த வாந்திக்குப் பயந்துதான் பெங்களூரிலிருந்து வந்த மகள் ஆர்த்தி ஒரு மாதம் போகாமல் இருந்தாள். தலை வாரிவிட்டாள், ரசம் வைத்துக் கொடுத்தாள், பழைய சண்டையையெல்லாம் மறந்து அம்மா கட்டிலிலேயே படுத்துக்கொண்டாள். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு பொன்னுத்தங்கத்துக்கு அப்படி ஒரு மாதம் வாய்த்ததே இல்லை. அந்த ஆசையில்தான் இந்த வருடம் அடுத்த காலையும் நீட்டினாள்.

பாழாய்ப்போன ஊசி நன்றாக வேலை செய்துவிட்டது. ஆர்த்தி போட்ட லீவு மிச்சமிருக்கும்போதே வாக்கர் மூலைக்குப் போனது. அவளும் டிக்கெட் எடுத்துவிட்டாள்.

விருதுநகர் ஸ்டேஷனுக்குப் போகக் கார் வந்து வாசலில் நின்றது. பொன்னுத்தங்கம் மூலையிலிருந்த வாக்கரை எடுத்துக்கொண்டு, முகத்தைச் சுளித்தபடி, காலை இழுத்து இழுத்து வந்தாள்.

பையைத் தோளில் மாட்டிய ஆர்த்தி இழுபடும் காலைப் பார்த்தாள்.

"அம்மா, அது போன வருசத்துக் கால்."

பொன்னுத்தங்கம் குனிந்து பார்த்தாள். வலது காலைத்தான் இழுத்துக்கொண்டிருந்தாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் காலை மாற்றவில்லை.

"இந்தக் காலுக்குத்தானே நீ கூட இருந்த," என்றாள்.

காரில் பெட்டியை ஏற்றிவிட்டு வந்த இராமகிருஷ்ணன், "நேரமாச்சு, இன்னும் என்ன பேச்சு?" என்றார்.

"வண்டியத் திருப்பி அனுப்புங்கப்பா. அம்மாவுக்குக் கால் சரியில்ல."

அவர் முகம் சுண்டிப்போனது. ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாரே.

"எந்தக் கால்?"

"ரெண்டுந்தான்," என்று பையை இறக்கி வைத்தாள் ஆர்த்தி.