மேடைக்கு ஒரு திருடன்

அன்சில் பாஸ்காலை எனக்குப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு ஜோஸ்லின் ஒருதலையாகப் பேசுகிறாள் என்று யாரும் குறை சொல்ல வேண்டாம். எங்கள் மேட்டில் இளைஞர் நல்வழி மையம் நடத்துகிறவன் அவன். பையன்கள் கத்தியும் துப்பாக்கியுமாகத் திரியாமல் இருக்க மாலை வேளையில் அவர்களுக்கு ஸ்டீல் பேன் என்கிற மேளம் வாசிக்கச் சொல்லித்தருவார்கள். எண்ணெய்ப் பீப்பாயை அறுத்துத் தட்டிச் செய்த அந்த வாத்தியத்தை நம்பி அரசாங்கம் மானியம் கொடுக்கிறது. அதில்தான் வாத்தியாருக்குச் சம்பளம், கூரைக்குத் தகரம், அன்சிலுக்குக் கார்.

வருஷா வருஷம் மானியத்தைப் புதுப்பிக்கும் முன்னால் தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் ஒரு கூட்டம் நடக்கும். ஒவ்வொரு மையமும் திருந்திய பையன் ஒருவனை மேடையேற்ற வேண்டும். தான் முன்பு எவ்வளவு கெட்டவனாக இருந்தான், இப்போது எவ்வளவு நல்லவனாகிவிட்டான் என்று அவன் மைக்கில் சொல்லி அழ வேண்டும். அப்படி விதி ஒன்றும் இல்லை. ஆனால் பையன் அழாத மையத்துக்கு முழு மானியம் வந்து நான் பார்த்ததில்லை. போன வருஷம் பக்கத்து மேட்டுப் பையன் அழுத அழுகையில் மானியத்தை முடிவு செய்யும் அமைச்சகத்து அம்மாவுக்குக் கண்மை கரைந்து கன்னத்தில் ஓடியது. எங்கள் மையத்துக்குப் பாதிதான் கிடைத்தது.

இந்த வருஷம் என் மகன் கெர்வோன் தீயணைப்புப் படைக்கு எழுதியிருந்தான். பரீட்சை, ஓட்டம், உடல் பரிசோதனை எல்லாவற்றிலும் தேறிவிட்டான். போலீஸ் கொடுக்கும் நன்னடத்தைச் சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி. அது கைக்கு வந்துவிட்டால் அவனுக்கு வேலை, எனக்கு நிம்மதி. இந்த மேட்டில் ஒரு பையனை ஒரு கறையும் படாமல் வளர்ப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று பெற்றவளுக்குத்தான் தெரியும்.

அந்தச் சமயம் பார்த்து அன்சில் என் கடைக்கு வந்தான். சந்தை முனையில் பொரித்த ரொட்டிக்குள் உப்பு மீன் வைத்து விற்பது என் தொழில்.

"ஜோஸ்லின், இந்த வருஷம் உன் பையன் மேடையேறட்டும். நல்லாப் பேசுவான். பாக்கவும் லட்சணமா இருக்கான்."

"என்னத்தப் பேசுவான்? அவன் மாங்கா கூடத் திருடினதில்ல."

"அதான் என் தலைவலி. மையத்துக்கு வர்றதெல்லாம் சாதுப் பசங்க. நெசமாவே கெட்டவன் எவன் வந்து பேன் வாசிக்கிறான்?"

"இதப் போய் அந்தம்மாகிட்ட சொல்லு."

"சொன்னா மையத்த மூடிட்டு உன் பக்கத்துல உக்காந்து மீன் பொரிக்க வேண்டியதுதான்."

"அதெல்லாம் உனக்கு வராது. இதுக்கு உழைக்கணும்."

முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவன் என் முதுகுக்குப் பின்னால் கெர்வோனைப் பிடித்தான். மையம் மூடினால் வாத்தியார் என்ன ஆவார், சின்னப் பிள்ளைகள் எங்கே போவார்கள் என்று உருகியிருக்கிறான். என் மகனுக்கு இளகிய மனசு. அப்பனைக் கொண்டு பிறந்துவிட்டான், என்ன செய்வது.

"நாடகம் மாதிரிதாம்மா. பேசிட்டு இறங்கிடுவேன்" என்றான். நான் கத்தினேன், கெஞ்சினேன், ஒரு வேளை சோறு கூடப் போடவில்லை. வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று அவன் பிடித்த பிடியை விடவில்லை.

பேச்சை எழுதிக் கொடுத்தவன் அன்சில். சோம்பேறிக்குச் சொந்தமாகக் கதை கட்ட வருமா? சில மாதம் முன்னால் எங்கள் மேட்டில் அலியோங் மளிகைக் கடையை முகமூடி போட்டவர்கள் பட்டப்பகலில் கொள்ளையடித்தார்கள். கடைக்காரர் அலியோங்கின் கையில் வெட்டு. இன்றுவரை யாரும் பிடிபடவில்லை. அந்தக் கொள்ளையை அப்படியே எடுத்து, கடையின் பெயரை மட்டும் விட்டுவிட்டான். நகரத்து அதிகாரிகளுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது என்ற தைரியம். மானியம் கேட்கிற மையம் தன் ஊர் வியாபாரி ஒருவரையும் கூட்டிவந்து நற்சொல் சொல்ல வைக்க வேண்டும் என்பதால், அலியோங்கை அழைத்து முன் வரிசையில் உட்காரவைத்தவனும் அவனேதான். பத்து வருஷமாக இதே பிழைப்பு, இந்தச் சின்ன விஷயம் அவன் புத்தியில் உறைக்கவில்லை.

கூட்டத்தன்று நானும் போய் உட்கார்ந்திருந்தேன். கெர்வோன் மைக்கைப் பிடித்தான். "பின்கதவ உடைச்சு உள்ள போனோம். கடைக்காரர் கல்லாவ மூடப் பாத்தாரு. என் கூட்டாளி அவர் கையில வெட்டிட்டான். நான் பணத்த அள்ளிட்டு ஓடினேன்." கூட்டம் மூக்கை உறிஞ்சியது. அமைச்சகத்து அம்மா கைக்குட்டையை எடுத்தார்.

அலியோங் எழுந்தார். வெட்டுப்பட்ட கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"எந்தக் கடை, தம்பி?"

கெர்வோன் அன்சிலைப் பார்த்தான். அன்சில் தன் செருப்பைப் பார்த்தான். இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்த போலீஸ் இன்ஸ்பெக்டர் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அத்தனையும் பொய்" என்று எழுந்து கத்தினேன். "அந்த அன்சில் எழுதிக் குடுத்தான், இவன் ஒப்பிச்சான். அலியோங் ஐயா கடையில கொள்ள போன அன்னிக்கு என் புள்ள நாள் பூரா என்கூட ரொட்டி வித்துட்டு இருந்தான். கேளுங்க, அந்த அன்சிலயே கேளுங்க."

அன்சில் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மானியம் போயிருக்கும், என் மகன் தப்பித்திருப்பான். அவன் மெதுவாக மேடையேறி மைக்கை வாங்கினான். குரலில் தேன் வழிந்தது.

"பாத்தீங்களா, மேடம். பெத்த தாயே மறைக்கப் பாக்கறாங்க. பாவம், அவங்களச் சொல்லிக் குத்தமில்ல. இந்த மாதிரி வீடுங்கள்லேருந்துதான் எங்களுக்குப் பசங்க வர்றாங்க. அதனாலதான் எங்க மையம் வேணும்."

கை தட்டினார்கள். எழுந்து நின்று தட்டினார்கள். அந்த அம்மா என்னிடம் வந்து என் கையைப் பிடித்து, "உங்க கஷ்டம் எனக்குப் புரியுது" என்றார். கையை உதறிவிட்டேன். அதற்குள் இன்ஸ்பெக்டர் கெர்வோனைப் பக்கவாட்டுக் கதவு வழியாகக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அலியோங் நல்ல மனுஷன். ஸ்டேஷனுக்குப் போய், வெட்டியவனும் அவன் கூட வந்தவனும் குட்டையான ஆட்கள், இந்தப் பையன் வாசல் இடிக்கும் உயரம், இவன் இல்லை என்று சொன்னார். விட்டுவிட்டார்கள். ஆனால் சான்றிதழ் கேட்டுப் போனபோது, விசாரணை முடியவில்லை, இப்போதைக்குத் தர முடியாது என்று ஜன்னலைச் சாத்தினார்கள். தீயணைப்புப் படையும் காத்திருக்கவில்லை. அவன் இடத்துக்கு வேறு பையனை எடுத்துக்கொண்டார்கள். மையத்துக்கு முழு மானியம் வந்தது.

அதற்குப் பிறகும் அன்சில் என் கடை முன்னால் காரை நிறுத்தினான். மானம் கெட்டவன்.

"கோவப்படாத, ஜோஸ்லின். நடந்ததும் ஒரு வழிக்கு நல்லதுதான். இப்ப அவன் பேரு போலீஸ்ல இருக்கு. அந்த மாதிரிப் பசங்களுக்கான அரசாங்கத் திட்டத்துல முறைப்படி சேத்துக்கலாம். மாசாமாசம் உதவித்தொக வரும்."

"எண்ணெ கொதிக்குது, அன்சில். தள்ளி நின்னு பேசு. என் கை சும்மா இருக்காது."

அவன் பின்னால் நகர்ந்தான். கெர்வோன் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான்.

"நான் வர்றேன், சார்."

"புத்தி கெட்டுப் போச்சாடா உனக்கு? உன்னக் கவுத்தவன் கூடவா போற?"

"அந்த மேடையில நான் பொய் சொன்னேன், எல்லாரும் நம்பினாங்க. நீ உண்மையச் சொன்ன, ஒருத்தர் நம்பல. இனி நான் யார்கூட நின்னா பொழைக்கலாம், நீயே சொல்லும்மா."

அவன் என்னை எதிர்த்துப் பேசவில்லை. நிஜமாகவே கேட்டான், பதிலுக்காக நின்றான். நான் எண்ணெயில் கருகிய ரொட்டியைத் திருப்பிப் போட்டேன். அவன் அன்சிலின் காரில் ஏறிக்கொண்டான்.