பேர் சொல்லிக் கூப்பிடுகிற வேலை

வெள்ளையம்மாளுக்குத் தொண்டை என்றால் அப்படியொரு தொண்டை. ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாணச் சத்திரத்துக்கு மாடி எழுப்பிய காலத்தில், அவள் கத்தினால் கொள்ளிடத்தில் துணி துவைக்கிறவன் நிமிர்ந்து பார்ப்பான் என்பார்கள். மேஸ்திரி அடைக்கலம் அதற்காகவே அவளைச் சாந்துச்சட்டி சுமப்பதிலிருந்து விடுவித்துச் சாரத்துக்கு எதிரே நிறுத்தினார். மேலே கொத்தனார்கள், கப்பியில் உத்திரம் இழுக்கிறவர்கள். கீழே செங்கல் சுமக்கிறவர்கள். ஒருத்தர் செய்வது ஒருத்தருக்குத் தெரியாது. மேலேயிருந்து எது நழுவினாலும் கீழே இருக்கிறவனை அவள்தான் எச்சரிக்க வேண்டும்.

அதிலும் மேஸ்திரி கறார். வெறுமனே ‘ஏய்’ என்று கத்தினால் அத்தனை பேரும் அண்ணாந்து பார்க்கிறான்கள். செங்கல் சுமக்கிற ஆண்டிக்கு முன்பல் போனது அப்படித்தான். ஆகவே ஆளைப் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், பேர் காதில் விழுந்ததும் தாவ வேண்டும் என்று சட்டம் போட்டார். முதலில் அவளுக்கு நாக்கே எழவில்லை. ஆம்பளைகளைப் பேர் சொல்வதாவது! போகப்போகப் பழகிவிட்டது. “மதுரைவீரா, வெலகு!” என்பாள், அவன் ஒரே தாவாகத் தாவுவான். ஒருநாள் மேஸ்திரியையே பேர் சொல்லிக் கத்திவிட்டாள் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

அவள் புருஷன் வீரமலைக்குக் கொல்லைப்பக்கம் சுண்ணாம்பு அரைக்கிற வேலை. அதனால் சிக்கலில்லை. ஆடி மாசத்தில் செங்கல் சுமக்கிறவர்கள் காய்ச்சலில் படுத்துவிட, மேஸ்திரி வீரமலையைச் சாரத்தடிக்கு அனுப்பினார். அவளுக்குத் திக்கென்றது. சொல்லிவிடலாம் என்று மேஸ்திரி பக்கத்தில் போய் நின்றாள். என்னவென்று சொல்வது? கட்டினவன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று பெற்றவள் சொல்லி வளர்த்திருந்தாள். எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ, பாழாய்ப்போனவன்! ஒருநாள்தானே என்று வாயை மூடிக்கொண்டு திரும்பிவிட்டாள்.

மத்தியானம் கப்பிக் கயிறு அறுந்தது. நேர் கீழே வீரமலை, தலையில் செங்கல். பேர் அவள் தொண்டை வரைக்கும் வந்தது.

“ஏங்க! வெலகுங்க!”

வீட்டில் சோறு போட்டுவிட்டுக் கூப்பிடுவாளே, அதே ‘ஏங்க’. என்ன என்று கேட்கத்தான் அவன் நின்று திரும்பினான். மற்றது காதில் விழுவதற்குள் உத்திரம் விழுந்துவிட்டது.

மறுநாள் குடிசை வாசலில் அவனைக் கிடத்தியிருந்தார்கள். மேஸ்திரி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அவள் முன்னால் உட்கார்ந்தார். “எனக்கு ஏம்மா தோணாமப் போச்சு?” என்றார். பெண்கள் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவள் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. அழுதுவிடு, நெஞ்சு வெடித்துவிடும் என்று கெஞ்சினார்கள்.

பாடையைத் தூக்கித் தெருமுனை திரும்பும்போது எல்லாரையும் உதறிவிட்டு ஓடினாள்.

“வீரமலை, வெலகு!”

தூக்கினவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். அவள் மறுபடியும் கூப்பிட்டாள்.